சிறகை முறித்தவர் யார்?

(மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவர் ஒருவர்)

சென்ற ஆண்டு நம் வணிகவியல் மன்றத்தில் நடைபெற்ற சொற்போர் மாணவ நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். "வேலைநிறுத்தம் தொழிலாளருக்கு வெற்றியே தரும்" என்று ஓர் அணியும், "வேலைநிறுத்தம் தொழிலையே அழிக்கும்" என்று மற்றோர் அணியும் வாதிட்டன. இரண்டாம் அணியின் முதற்பேச்சாளன் நான். என் கையிலிருந்த பெரிய ஆயுதம் ஒரு விமான நிறுவனத்தின் கதை. அமெரிக்காவில் காம்ஏர் என்றொரு வட்டார விமான நிறுவனம் இருந்தது. அதன் விமானிகள் 89 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்று அந்த நிறுவனமே இல்லை. "தாம் அமர்ந்த கூட்டைத் தாமே கொளுத்திய பறவைகள் அவர்கள்!" என்று குரலை உயர்த்தி முடித்தேன். அரங்கம் கைதட்டியது. எங்கள் அணி வென்றது. எனக்கு ஒரு புத்தகமும் பரிசாகக் கிடைத்தது.

மேடையை விட்டு இறங்கியதும் நடுவராக இருந்த பேராசிரியர் என்னை அருகே அழைத்தார். "நன்றாகப் பேசினாய், தம்பி. ஒரே ஓர் ஐயம். அந்த வேலைநிறுத்தம் எந்த ஆண்டு?" என்றார். "2001, ஐயா" என்றேன். "நிறுவனம் மூடப்பட்டது?" "2012, ஐயா." "அப்படியானால் தீ வைத்த பிறகு பதினொரு ஆண்டுகள் அந்தக் கூடு எரியாமல் என்ன செய்துகொண்டிருந்தது?" என்று கேட்டுவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. விடை தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, கைதட்டல் வாங்கிய என் பேச்சில் உண்மை பாதிகூட இல்லை என்பது விளங்கிற்று. பேசிய இடத்திலேயே திருத்திக்கொள்வதுதான் முறை. ஆகவே அன்று என் பேச்சைக் கேட்ட உங்கள் முன்னிலையிலேயே இக்கட்டுரையை வைக்கிறேன்.

பெயர் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது

காம்ஏர் 1977-ஆம் ஆண்டு சின்சினாட்டி நகரில் சிறு பைபர் விமானங்களோடு தொடங்கப்பட்டது. பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத சிற்றூர்களிலிருந்து பயணிகளை ஏற்றிவந்து பெரிய நிலையத்தில் இறக்குவதே அதன் தொழில். 1984 முதல் டெல்டா என்னும் பெருநிறுவனத்தின் கூட்டாளியாயிற்று. 1993-இல் கனடா நாட்டின் பம்பார்டியர் நிறுவனம் செய்த 50 இருக்கை ஜெட் விமானத்தை வட அமெரிக்காவில் முதன்முதலாகப் பறக்கவிட்டது காம்ஏர்தான். அதுவரை சிற்றூர்ப் பயணி என்றால் சிறிய விசிறி விமானத்தில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். ஜெட் வந்ததும் கூட்டம் பெருகியது; இலாபமும் பெருகியது. அந்த இலாபத்தைக் கண்டுதான் டெல்டா, 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 கோடி டாலர் விலையில் காம்ஏரை முழுவதுமாக வாங்கிக்கொண்டது.

வட்டார நிறுவனங்களுக்கும் பெருநிறுவனங்களுக்கும் உள்ள உறவை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். பயணி வாங்கும் சீட்டில் இருப்பது பெருநிறுவனத்தின் பெயர். விமானத்தின் வாலில் இருப்பதும் அதன் வண்ணமே. கட்டணத்தைத் தீர்மானிப்பது, எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் பறப்பது என்று அட்டவணை போடுவது, சீட்டு விற்பது எல்லாமே பெருநிறுவனம்தான். இந்த ஏற்பாடு நாளடைவில் ஓர் ஒப்பந்த வடிவமே பெற்றுவிட்டது. அதன்படி எரிபொருள் செலவைப் பெரும்பாலும் பெருநிறுவனமே ஏற்கும். இத்தனை நடைக்கு, இத்தனை மணி நேரப் பறப்புக்கு இன்ன தொகை என்று வட்டார நிறுவனத்துக்குக் கணக்கிட்டுக் கொடுத்துவிடும். விமானமும் ஆளும் பராமரிப்பும் வட்டார நிறுவனத்தின் பொறுப்பு.

வணிகவியல் படிக்கும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஒரு நிறுவனம் விலையைக் கூட்ட முடியாது. வாடிக்கையாளரைத் தானே தேட முடியாது. எரிபொருளில் மிச்சம் பிடிக்கவும் வழியில்லை. விமானத்தின் விலையோ எல்லாப் போட்டியாளருக்கும் ஏறத்தாழ ஒன்றே. அப்படியானால், "அவனைவிட நான் குறைந்த தொகைக்குப் பறக்கிறேன்" என்று ஒப்பந்தம் பிடிக்க அதற்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி எது? ஆட்செலவு ஒன்றுதான்! சண்டை வருவதற்கு முன்பே சண்டைக்கான களம் இவ்வாறு அமைக்கப்பட்டுவிட்டது என்பதை என் பேச்சில் நான் சொல்லவே இல்லை.

ஊதியக் கணக்கையும் சொல்ல வேண்டும். விமானிக்கு மணிக் கணக்கில்தான் கூலி. விமானம் புறப்படும் இடத்தை விட்டு நகர்ந்த நேரம் முதல், சேருமிடத்தில் நிற்கும் நேரம் வரைதான் மணி ஓடும். காலை ஐந்து மணிக்கு வந்து விமானத்தைச் சோதிப்பது, இரண்டு நடைகளுக்கு இடையே நிலையத்தில் காத்துக் கிடப்பது, பனியால் புறப்பாடு தள்ளிப்போவது ஆகியவை பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேரா. பெரிய விமானம் ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் பறக்கும். சிறிய விமானமோ ஒரு நாளில் ஐந்தாறு முறை ஏறி இறங்கும்; காத்திருப்பும் அதற்கேற்பக் கூடும். ஆகவே பணியில் கழியும் நேரம் அதிகம், கூலி பெறும் நேரம் குறைவு. காம்ஏரில் புதிதாகச் சேர்ந்த துணை விமானியின் ஆண்டு ஊதியம் அன்று 20,000 டாலரைக்கூட எட்டவில்லை. விமானப் பயிற்சிக்கு வாங்கிய கடனை அடைத்துக்கொண்டு அந்நாட்டு விலைவாசியில் அத்தொகையில் வாழ்வது எளிதன்று.

"அந்த வேலை பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போகலாமே?" என்று சொற்போரில் நான் கேட்டேன். கேட்டது அறியாமை. விமானத் தொழிலில் எல்லாமே பணிமூப்பு. எந்த விமானம், எந்த ஊர், எந்த நாள் விடுமுறை, என்ன ஊதியம் என்பவை யாவும் பணிமூப்பு வரிசைப்படியே. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் வேறு நிறுவனத்துக்குப் போனால் அங்கே கடைசிப் படியில், முதலாண்டுக் கூலியில்தான் தொடங்க வேண்டும். கதவு திறந்துதான் இருக்கிறது. வெளியே போனால் சேர்த்ததையெல்லாம் உள்ளேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

89 நாட்கள்

இனி அந்த வேலைநிறுத்தத்துக்கு வருவோம். "ஆத்திரத்தில் எடுத்த அவசர முடிவு" என்று அன்று நான் அதை வருணித்தேன். அவசரப்படுவதற்கு அந்நாட்டுச் சட்டம் இடமே கொடுப்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்க விமானத் தொழிலாளருக்குப் பொருந்துவது, வியப்பாக இருக்கலாம், இரயில்வே தொழிலாளர் சட்டம். 1926-இல் இரயில்வேக்காக இயற்றப்பட்ட அச்சட்டம் 1936-இல் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. அச்சட்டப்படி ஊதிய ஒப்பந்தம் காலாவதி ஆவதே இல்லை. குறித்த நாள் வந்ததும் அது "திருத்தத் தக்கது" ஆகும். புதியது கையெழுத்தாகும் வரை பழைய கூலியே தொடரும். இருதரப்பும் பேச வேண்டும். முடியாவிட்டால் தேசிய சமரச வாரியத்தின் நடுவரிடம் போக வேண்டும். இனிப் பேச்சால் பயனில்லை என்று வாரியமே கைவிட்ட பிறகும் 30 நாள் ஆறப்போட வேண்டும். அதன் பிறகும் குடியரசுத் தலைவர் நெருக்கடிக் குழு ஒன்றை அமைத்து மேலும் 60 நாள் தடுத்து நிறுத்தலாம். பொறுமையைச் சோதிப்பதற்கென்றே படி கட்டினாற்போன்ற சட்டம் இது. பழைய கூலியே தொடரும்போது காலம் கடத்துவது யாருக்கு ஆதாயம் என்று நான் கூறவும் வேண்டுமோ?

காம்ஏர் விமானிகள் 1998-இல் பேச்சைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பேசினார்கள். நிறுவனம் நட்டத்தில் இல்லை. நல்ல இலாபத்தில் இருந்த காலம் அது. அவர்கள் கேட்டவை கூலி உயர்வு, ஓய்வூதியம், பணிக்காலத்தில் காத்திருக்கும் நேரத்துக்கும் மதிப்பு, இரு பணிகளுக்கிடையே போதிய ஓய்வு ஆகியவை. இவற்றின் அடியில் ஓடிய கோரிக்கை ஒன்றுதான்: "டெல்டாவின் சீட்டு வாங்கிய பயணியை, டெல்டாவின் வண்ணம் பூசிய ஜெட்டில், அதே வானத்தில், அதே புயலில் நாங்களும் ஓட்டுகிறோம். எங்களை ஏன் பயிலுநராக நடத்துகிறீர்கள்?" என்பதே அது.

2001 மார்ச் 26-ஆம் நாள் ஏறத்தாழ 1,350 விமானிகள் வேலையை நிறுத்தினார்கள். நாள்தோறும் எண்ணூறுக்கு மேற்பட்ட நடைகளை நடத்திய நிறுவனத்தில் ஒரு விமானமும் எழவில்லை. 1997-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே குடியரசுத் தலைவர் கிளிண்டன் குறுக்கிட்டு நிறுத்தினார். 2001 மார்ச்சில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் மெக்கானிக்குகளை நிறுத்தக் குடியரசுத் தலைவர் புஷ் நெருக்கடிக் குழு அமைத்தார். காம்ஏருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. சிற்றூர்களின் விமானம் நின்றால் நாடே நின்றுவிடாது என்பது அரசின் கணக்குப் போலும்!

அந்த 89 நாட்களும் எளிதில் கழியவில்லை. விமானப் பணிப்பெண்களும் நிலைய ஊழியர்களுமாக ஏராளமானோர், தங்களுக்குத் தொடர்பில்லாத சண்டையில் ஊதியமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நிறுவனம் விமானங்களையும் விமானி இடங்களையும் குறைக்கப்போவதாக அறிவித்தது. இடையில் நடுவர் முன்வைத்த ஓர் உடன்பாட்டையும் விமானிகள் வாக்களித்துத் தள்ளினார்கள். இறுதியில் ஜூன் 22-ஆம் நாள் புதிய ஒப்பந்தத்தை ஏற்றார்கள். கூலி உயர்ந்தது, வட்டார விமானிகளுக்கு அதுவரை இருந்தவற்றுள் மேலான ஒப்பந்தம் என்று அது பேசப்பட்டது. ஆனால் பெரிய நிறுவனத்துக்கு நிகர் என்ற கனவு கைகூடவில்லை.

அந்தப் பதினொரு ஆண்டுகள்

பேராசிரியர் கேட்ட கேள்வி இதுதானே: பிறகு என்ன நடந்தது?

முதலில் நடந்தது வளர்ச்சி! ஆம், நண்பர்களே. வேலைநிறுத்தம் முடிந்து மூன்று மாதம் ஆகுமுன் செப்டம்பர் 11 தாக்குதல் நிகழ்ந்தது. பயணிகள் குறைந்தார்கள், பெருநிறுவனங்கள் பெரிய விமானங்களை நிறுத்திவிட்டு, அந்த வழித்தடங்களைச் சிறிய ஜெட்டுகளிடம் கொடுத்தன. காம்ஏரின் விமானங்கள் சில ஆண்டுகளில் 150-ஐயும் தாண்டின. வேலைநிறுத்தத்தால் சாக வேண்டிய நிறுவனம் அதன் பிறகே பருத்தது.

அடுத்து வந்தது 2004-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ். பனிப்புயலால் பணி மாற்றங்கள் குவிந்தன. ஒரு மாதத்தில் 32,000-க்குச் சற்று மேற்பட்ட மாற்றங்களைத்தான் தாங்கும் என்றிருந்த பழைய கணிப்பொறி நிரல் அந்த எல்லையைத் தொட்டதும் படுத்துவிட்டது. எந்த விமானி எங்கே என்பதே தெரியாமல், பண்டிகை நாளில் நிறுவனத்தின் எல்லா நடைகளும் நின்றன. ஆயிரக்கணக்கான பயணிகள் நிலையங்களில் தவித்தார்கள். இதற்கு எந்தச் சங்கத்தைக் குறை சொல்வது?

2005 செப்டம்பரில் டெல்டாவே திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் சென்றது. காம்ஏரும் உடன் சென்றது. அந்நாட்டுத் திவால் சட்டப்படி, நீதிபதி இசைந்தால் நிறுவனம் தன் ஊழியர் ஒப்பந்தத்தை உதறிவிடலாம். 2006 டிசம்பரில் காம்ஏருக்கு அந்த இசைவு கிடைத்தது. விமானிகள் வேறு வழியின்றி 2007 தொடக்கத்தில் விட்டுக்கொடுத்து உடன்பட்டார்கள். 89 நாள் பட்டினி கிடந்து பெற்றதில் ஒரு பகுதி ஒரு தீர்ப்பில் கரைந்தது. இதற்கிடையே, 2006 ஆகஸ்டில் லெக்சிங்டன் நகரில் காம்ஏர் விமானம் ஒன்று தவறான, குட்டையான ஓடுபாதையிலிருந்து எழ முயன்று விழுந்து 49 பேர் மாண்டனர். அது விமானிகளின் பிழை. ஊதியத் தகராற்றோடு அதை முடிச்சுப் போட எனக்குச் சான்று இல்லை, ஆகவே போடவில்லை. விமானிகளின் பக்கம் பேச வந்தவன் அவர்களுடைய பிழையை மறைத்தல் ஆகாது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

அதன் பின் எண்ணெய் விலை வந்தது. 2008-இல் கச்சா எண்ணெய் பீப்பாய் 140 டாலரையும் தாண்டியது. 50 இருக்கை ஜெட் ஓர் இருக்கைக்குக் குடிக்கும் எரிபொருள் அதிகம். எண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் பொன் முட்டையிட்ட வாத்து, விலை ஏறியதும் தீனிப் பண்டாரம் ஆயிற்று. டெல்டா 50 இருக்கை விமானங்களைக் குறைக்க முடிவெடுத்தது. 2012 ஜூலையில் அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 29-ஆம் நாள் காம்ஏர் கடைசியாகப் பறந்தது. அன்று அதில் இருந்தவர் ஏறத்தாழ 1,700 ஊழியர். டெல்டாவின் மொத்தப் பறப்பில் அதன் பங்கு ஒரு விழுக்காடு மட்டுமே.

செலவு கூடிவிட்டது என்பதும் மூடியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அது பொய்யன்று. விமானங்கள் பழையவை; ஆட்களும் பழையவர்கள். பணிமூப்பு கூடக் கூட ஊதியம் கூடும். புதிய நிறுவனத்தில் எல்லோரும் முதலாண்டுக் கூலிக்காரர்கள். ஆதலால் அது மலிவு. இந்த ஏற்பாட்டின் கொடுமையே இதுதான்: நிறுவனம் நீடித்து நின்றால், அதன் ஊழியர் அனுபவம் பெற்றால், அதுவே அதற்குக் குற்றமாகிவிடுகிறது. மலிவான இன்னொருவரைத் தேடிப் பெருநிறுவனம் போய்விடுகிறது.

வேலைநிறுத்தம் செய்யாதவர் பிழைத்தார்களா?

என் பழைய வாதம் சரியென்றால், வேலைநிறுத்தம் செய்யாத வட்டார நிறுவனங்கள் செழித்திருக்க வேண்டும் அன்றோ? இரண்டு நிறுவனங்களைப் பார்ப்போம்.

ஒன்று கோல்கன் ஏர். அங்கே வேலைநிறுத்தம் நடக்கவில்லை. 2009 பிப்ரவரி 12 இரவு, கான்டினென்டல் நிறுவனத்தின் வண்ணத்தில் நியூவர்க்கிலிருந்து பஃபலோ சென்ற அதன் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவருமாக 50 பேர் இறந்தனர். விமானம் வேகம் இழந்து எச்சரித்தபோது தலைமை விமானி தவறாக இயக்கியதே காரணம் என்று விசாரணை வாரியம் கூறியது. ஆனால் விசாரணையில் வெளிவந்த வேறு செய்திதான் நாட்டை உலுக்கியது. 24 வயதுத் துணை விமானி, சியாட்டில் பக்கத்தில் பெற்றோர் வீட்டில் தங்கி, நாட்டின் மறுகோடியில் உள்ள நியூவர்க்குக்கு வேலைக்கு வந்தவர். முதல் நாள் இரவெல்லாம் மெம்பிஸ் வழியாகச் சரக்கு விமானங்களில் இடம் கேட்டுப் பயணம் செய்து வந்து, படுக்கை இல்லாத ஊழியர் அறையில் இளைப்பாறிவிட்டு அன்று பணி ஏற்றார். பணியிட நகரில் அறை எடுத்துத் தங்கும் அளவுக்கு அத்தொழிலில் ஊதியம் இருக்கிறதா என்ற கேள்வி அன்று நாடாளுமன்றம் வரை சென்றது. களைப்பு எந்த அளவுக்குக் காரணம் என்று அறுதியிட முடியாது என்று வாரியம் கூறினாலும், இருவருடைய செயலையும் களைப்பு பாதித்திருக்கலாம் என்பதை அது மறுக்கவில்லை.

இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் போராடியதால் 2010-இல் சட்டம் வந்தது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்ற விதி 2013-இலும், பணிக்கு முன் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்ற விதி 2014-இலும் நடைமுறைக்கு வந்தன. காம்ஏர் விமானிகள் 2001-இல் ஓய்வு கேட்டபோது "பேராசை" என்றவர்கள் உண்டு. அதே ஓய்வு, 50 உயிர் போன பிறகு நாட்டின் சட்டமாயிற்று. கோல்கனோ 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. காம்ஏர் கடைசியாகப் பறந்த அதே மாதம்! ஒன்று வேலைநிறுத்தம் செய்தது, மற்றொன்று செய்யவில்லை. இரண்டும் ஒரே மாதத்தில் மறைந்தன. என் சொற்போர்ப் பேச்சை முறியடிக்க இந்த ஓர் உண்மையே போதும். எதிரணி நண்பர்கள் அன்று இதை அறியாதது என் நல்லூழ்.

மற்றொன்று இண்டியானாபொலிஸ் நகரத்து ரிபப்ளிக் ஏர்வேஸ். அதன் விமானிகளின் ஒப்பந்தம் 2007-லேயே திருத்தத் தக்கதாகிவிட்டது. 2015 வரை எட்டு ஆண்டுகள் பேச்சு நடந்தது. வேலைநிறுத்தம் இல்லை. ஆனால் விமானிகள் ஒவ்வொருவராக வேறு இடம் தேடிப் போனார்கள். புதியவர்கள் போதுமான அளவு வரவில்லை. சங்கம் சட்டத்துக்குப் புறம்பாக இடையூறு செய்கிறது என்று நிர்வாகம் நீதிமன்றத்துக்கே போனது. ஓட்ட ஆளின்றி விமானங்கள் தரையில் நின்றன. 2015 இறுதியில், தொடக்கக் கூலி மணிக்கு 40 டாலர் என்று ஒப்பந்தம் ஆயிற்று. ஆயினும் காலம் கடந்துவிட்டது. 2016 பிப்ரவரியில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டது. விமானி பற்றாக்குறையையே அது காரணமாகச் சொன்னது. 2017 ஏப்ரலில்தான் மீண்டெழுந்தது.

இதை நான் கொடி பிடிக்காத வேலைநிறுத்தம் என்பேன். வாயிலில் முழக்கமில்லை, பேச்சுக்கு அழைக்கத் தலைவர் இல்லை, முடிவு நாளும் இல்லை. இளைஞர்கள் அந்தத் தொழிலையே ஏறெடுத்துப் பார்க்காமல் போய்விடுகிறார்கள், அவ்வளவுதான். 1,500 மணி நேர விதியே பற்றாக்குறைக்குக் காரணம் என்று நிர்வாகங்கள் வாதிட்டன. கூலியே காரணம் என்று சங்கங்கள் வாதிட்டன. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் 2022-இல் நிகழ்ந்ததை நோக்குக. கொள்ளை நோய்க்குப் பின் விமானிகள் கிடைக்காதபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் குழுமத்தின் வட்டார நிறுவனங்கள் முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் கொடுக்க முன்வந்தன. "கொடுத்தால் நிறுவனமே தாங்காது" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்ட கூலியைவிட அது பன்மடங்கு. பணம் எங்கிருந்து வந்தது? பணம் என்றும் இருந்த இடத்திலேயே இருந்தது: சீட்டு விற்பவரின் கையில்.

மறுபக்கத்து நியாயம்

அன்று ஒரு பக்கமே பேசினேன். இன்று மறு ஓரத்துக்குத் தாவிவிட எனக்கு விருப்பமில்லை. வேலைநிறுத்தத்தால் துன்புற்றவர்கள் இருந்தார்கள். சிற்றூரிலிருந்து மருத்துவமனைக்குப் போக இருந்த நோயாளிக்கு, விமானியின் ஊதியப் பட்டியல் தெரியாது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட நிலைய ஊழியருக்குச் சங்க நிதியிலிருந்து உதவித்தொகை வரவில்லை. இவர்களை மறந்துவிட்டு 89 நாட்களைப் போர்ப்பரணி பாடுவது முறையன்று.

தொழிலாளர் ஒற்றுமை என்பதும் நாம் மேடையில் பேசுவதுபோல் எளிதன்று. டெல்டா விமானிகளுக்கும் காம்ஏர் விமானிகளுக்கும் சங்கம் ஒன்றே. ஆனால் வட்டார நிறுவனம் எத்தனை இருக்கை விமானம் வரை ஓட்டலாம் என்று வரம்பு கட்டியது பெரிய விமானிகளின் ஒப்பந்தமே. தங்கள் வேலை மலிவான கைகளுக்குப் போய்விடக் கூடாது என்ற அச்சம் அவர்களுக்கு. இருவரையும் ஒரே பணிமூப்பு வரிசையில் சேர்க்க வேண்டும் என்ற காம்ஏர் விமானிகளின் வேண்டுகோள் நிறைவேறவில்லை. வட்டார விமானிகள் சிலர் தம் சங்கத்தின் மீதே வழக்குத் தொடுக்கும் அளவுக்கு மனம் கசந்தார்கள். முதலாளி பிரித்தாள்கிறார் என்று சொல்வது எளிது. ஆனால் மேற்படியில் நிற்கும் தொழிலாளியும் கீழ்ப்படியில் நிற்பவனைப் பார்த்து அஞ்சினான் என்பதும் உண்மையே.

நிர்வாகத்தையும் அரக்கனாக்க வேண்டியதில்லை. வட்டார நிறுவனத்தின் நிர்வாகி கூலியை உயர்த்தினால் அடுத்த ஒப்பந்தம் வேறொருவருக்குப் போகும்; உயர்த்தாவிட்டால் விமானி போய்விடுவான். இரண்டு பக்கமும் இடிபடும் மத்தளம் அவர். மேசையின் இருபுறமும் அமர்ந்து அடித்துக்கொண்டவர்கள் இருவரும் விலையைத் தீர்மானிக்கும் உரிமை இல்லாதவர்கள். தீர்மானிப்பவர் அந்த அறையிலேயே இல்லை!

என் துணிபு

ஆகவே "சிறகை முறித்தவர் யார்?" என்ற கேள்விக்கு இன்று என் விடை இது: விமானிகளின் வேலைநிறுத்தம் காம்ஏரை மூடவில்லை. எண்ணெய் விலையும் பழைய விமானமும் உடனடிக் காரணங்கள், ஆணிவேர் வேறு. உழைப்பை ஒருவரிடமும் விலையை இன்னொருவரிடமும் பிரித்து வைத்துவிட்டு, உழைப்பவரை ஆண்டுதோறும் ஏலம் விடுகிற அந்த ஏற்பாடே ஆணிவேர். அந்த ஏற்பாடு இருக்கும் வரை வேலைநிறுத்தம் செய்தாலும் நிறுவனம் சாகும்; செய்யாவிட்டாலும் சாகும்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை மூன்று. சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே ஓட்டுநரின் கூலிக்கும் ஓய்வுக்கும் பொறுப்பேற்க வேண்டும். வண்ணத்தைக் கடன் கொடுத்துவிட்டுப் பொறுப்பைக் கைகழுவக் கூடாது. ஓய்வு என்பது பேரம் பேசும் பொருளன்று. பயணியின் உயிரோடு சேர்ந்தது. அதைப் பிணங்களை எண்ணிய பிறகு சட்டமாக்குவது நாகரிகம் ஆகாது. பேச்சுவார்த்தைக்குச் சட்டம் பொறுமை கற்பிப்பது நல்லதே. ஆனால் எட்டு ஆண்டு இழுத்தடிப்பைப் பொறுமை என்று அழைக்கலாகாது. குறித்த காலத்துக்குள் முடியாத பேச்சுக்கு உயர்வு முன்தேதியிலிருந்து கிடைக்கும் என்று விதி இருந்தால், இழுத்தடிப்பதில் எவருக்கும் ஆதாயம் இராது.

இறுதியாக, சொற்போர் மேடையில் நிற்கப்போகும் இளைய மாணவருக்கு ஒரு சொல். ஒரு நிகழ்ச்சிக்குப் பின் இன்னொன்று நிகழ்ந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்று தேடிப் படியுங்கள். நான் அதைச் செய்யாமலே மேடை ஏறி, 1,350 பேரைக் கூட்டைக் கொளுத்தியவர்கள் என்று பழித்துவிட்டேன். அவர்கள் என் பேச்சைக் கேட்கப் போவதில்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கப் போவதுமில்லை. எனினும் பழித்தது பழித்ததுதான்.

எனக்குப் பரிசாகக் கிடைத்த புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்த சொற்போரில் எதிரணியில் நிற்க எனக்கு வாய்ப்புக் கிடைக்குமானால், அதைத் திருப்பித் தந்துவிட்டு மேடை ஏற விரும்புகிறேன்.